வக்புச் சொத்தும் வாலிபர் சேவையும்

நமது முன்னோர் விட்டுச் சென்ற வக்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கட்டடங்களைப் பற்றியே பேசுகிறோம். பள்ளிவாசல் எந்த ஆண்டில் எழும்பிற்று, அதற்கு எத்தனை கடைவீடுகள் சொந்தம் என்பவை நமக்கு ஓரளவு தெரியும். அக்கடைவீடுகளின் வாடகை யார் கைக்குப் போய் எந்த வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது என்று நமது வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. சொத்து இருக்கிறது, சொத்தைப் பற்றிய அறிவு குடும்பங்களை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. அறிவு போன பின் சொத்தும் போகும் என்பதற்கு நமது சரித்திரத்திலேயே சான்று உண்டு.

வக்பு என்ற அரபுச் சொல்லுக்கு நிறுத்தி வைத்தல் என்பது பொருள். முதலை விற்காமலும், தானமாய்க் கொடுக்காமலும், வாரிசுகள் பங்கிடாமலும் நிறுத்தி, அதன் பலனை மட்டும் நற்காரியத்துக்கு விடுவதே வக்பு. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்யலாமென்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்ட வரலாறு ஹதீது நூல்களில் வருகிறது. நிலத்தை நிறுத்தி, விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை நாயகம் அவர்கள் காட்டினார்கள். அவ்விளைச்சலுக்கு உரியவர்கள் யார் யார்? ஏழைகள், வழிப்போக்கர், விருந்தினர், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியோர்; இவர்களோடு உறவினரும் சேர்க்கப்பட்டனர். நிர்வாகி நியாயமான அளவு தாமும் உண்ணலாம். அதைக் கொண்டு செல்வம் சேர்க்கலாகாது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. உறவினர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பது ஒன்று. தன் வீட்டாரைத் தவிக்க விட்டுவிட்டு ஊருக்குக் கொடுப்பது நமது மார்க்கம் காட்டும் தர்மமன்று. மற்றொன்று, நிர்வாகப் பொறுப்பைப் பற்றியது. உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் அந்த வக்பை நடத்தும் பொறுப்பைத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதி வைத்தார்கள். ஹஃப்ஸா நாயகி எழுத்துப் பயின்றவர். ஷிஃபா என்ற பெண்மணி அவருக்கு எழுதக் கற்பித்தார் என்பதும் ஹதீதில் உண்டு. பொறுப்பு வருமுன்னரே தகுதி வந்திருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தையே நாம் மறந்துபோனோம் என்பது என் அபிப்பிராயம்.

உறவினருக்கு எழுதி வைப்பது தர்மமாகுமா என்ற கேள்வி பின்னாளில் பெரும் வழக்காயிற்று. குடும்பத்துக்கு முதலிலும் ஏழைகளுக்குக் கடைசியிலும் பலன் போகும்படி எழுதப்பட்ட வங்காளத்து வக்பு ஒன்றை லண்டன் பிரிவி கவுன்சில் 1894ஆம் ஆண்டில் செல்லாதென்று தள்ளியது. ஆங்கிலேயர் கண்ணில் தர்மம் வீட்டு வாசலுக்கு வெளியேதான் ஆரம்பமாகிறது போலும்! இந்திய முஸ்லிம்கள் விடாமல் வாதாடினர்; ஜனாப் முகம்மது அலி ஜின்னா சட்டசபையில் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1913இல் அங்கே குடும்ப வக்புக்குச் சட்ட பலம் கிடைத்தது. அந்தச் சட்டம் நமது நீரிணைக் குடியேற்றங்களுக்குப் பொருந்தவில்லை.

இனி நமது ஊர்களைப் பார்ப்போம். பினாங்கில் 1801ஆம் ஆண்டில் கம்பெனி சர்க்கார் அளித்த நிலத்தில், காதர் முகைதீன் என்ற கப்பித்தான் கிளிங் தலைமையில் நமது மக்கள் பள்ளிவாசல் எழுப்பினர். சிங்கப்பூரில் 1826இல் சூலியா பள்ளிவாசல் தோன்றிற்று. 1846இல் ஹாஜா ஃபாத்திமா என்ற மலாக்கா வணிகப் பெண்மணி தம் பெயரால் விளங்கும் பள்ளிவாசலைக் கட்டுவித்தபோது, அதே நிலத்தில் ஏழைகள் குடியிருக்க வீடுகளும் அமைத்தார். வீடில்லாதவனுக்கு வீடு கொடுப்பதும் தொழுகைக்கு இடம் கொடுப்பதும் ஒரே காரியத்தின் இரு பக்கமென்று அந்த அம்மையார் கண்டிருக்கிறார்.

எனினும் வக்பின் வேலை முறையை விளங்கிக்கொள்ள டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலே நல்ல பாடம். ஷெய்கு அப்துல் கபூர் பெருந்தனவந்தரல்லர். ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமைக் கிராணி. அந்த வட்டாரத்தில் குதிரைப் பந்தய மைதானம் இருந்த காலமது. குதிரைக்காரர்களும் தென்னிந்திய வியாபாரிகளும் பாவியான் மக்களும் அங்கிருந்த மரப் பள்ளியில் தொழுதுவந்தனர். பொறுப்பேற்ற அப்துல் கபூர், உடனே பெரிய பள்ளி கட்டப் புறப்படவில்லை. முதலில் அந்த நிலத்தில் கடைவீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார். ஆண்டுக் கணக்காகச் சேர்ந்த வருமானத்தைக் கொண்டுதான் 1907இல் இன்றுள்ள பள்ளிவாசலின் கட்டட வேலை ஆரம்பமாயிற்று. கணக்கு எழுதத் தெரிந்த கை செய்த காரியம் இது.

கணக்கு எழுதாத கைகளும் இருந்தன. அறங்காவலர் மறைந்ததும் பத்திரம் யாரிடம் இருக்கிறதென்று தெரியாத நிலையும், வாடகை எங்கே போகிறதென்று கேட்பாரில்லாத நிலையும் பல வக்புகளுக்கு நேர்ந்தன. கோயில் சொத்துக்களிலும் இதே குறை இருந்தது. ஆகவே சர்க்கார் 1905ஆம் ஆண்டில் முகம்மதிய, இந்து தர்ம சொத்துச் சட்டத்தைக் கொண்டுவந்து, அவற்றைப் பரிபாலிக்க வாரியங்களை அமைத்தது. முஸ்லிம் தர்மத்தை நடத்த முஸ்லிமல்லாத அதிகாரிகளின் மேற்பார்வை வேண்டியதாயிற்று என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சிங்கப்பூரில் 1968இல் முயிஸ் எனும் இஸ்லாமிய சமய மன்றம் அமைந்த பிறகே அப்பொறுப்பு நம்மிடம் வந்தது. மலேசியாவில் வக்பு மாநில விவகாரம். அந்தந்த மாநில சமய மன்றமே அறங்காவலர்.

செல்வந்தர் இல்லாத சமூகம் என்ன செய்வது என்று கேட்போர் உண்டு. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறிய கடையநல்லூர் மக்கள் உழைத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அம்மக்கள் 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீகை நிறுவினர். ஜப்பானியர் காலத்துத் துன்பம் ஓய்ந்ததும் 1946இல் அந்தச் சங்கம் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது. 1960இல் அதில் உயர்நிலை வகுப்புகளும் ஏற்பட்டன. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் பள்ளி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு சர்க்கார் அமைத்த தமிழ் மொழி நிலையம் அந்தப் பெயரைத் தாங்கிற்று. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தன் தாய்தந்தையர் சங்கம் வைத்த பள்ளியில் படிக்கிறோம் என்ற எண்ணம் இருந்ததே, அது எந்தப் பணப் பொட்டலத்திலும் வராது.

சில்லறைக் காசின் பலத்துக்கு இன்னோர் உதாரணம்: 1975இல் சிங்கப்பூரில் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது முஸ்லிம் தொழிலாளரிடம் கேட்கப்பட்டது மாதம் 50 காசு. 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் அந்நிதியின் முதற் கனியாயிற்று. பின்னர் கல்விக்கான மெண்டாக்கிக்கும் அதே முறையில் பணம் சேர்ந்தது.

இப்போது வாலிபர்களிடம் வருவோம். சேவைவழிக் கல்வி என்றொரு போதனா முறை 1960களில் அமெரிக்காவில் அப்பெயரோடு உருவாகி, பிறகு நமது நாடுகளுக்கும் வந்திருக்கிறது. ஒரு நாள் கூடிப் பள்ளிவாசலைக் கழுவிவிட்டு நாசி பிரியாணி தின்று கலைவது சேவைதான். அது சேவைவழிக் கல்வி ஆகாது. முதலில் தேவை இன்னதென்று ஆராய்ந்து, பிறகு அதற்கேற்ற வேலையைச் செய்து, செய்ததைப் பற்றி உட்கார்ந்து யோசித்து, பாடத்தோடு பொருத்திப் பார்ப்பதே அது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997இல் சமூகப் பங்கேற்புத் திட்டம் வந்தபோது ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 6 மணி நேரமாவது சேவை செய்ய வேண்டுமென்று விதித்தனர். மணியை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் மணியைத்தான் எண்ணுவார்கள். 2012இல் வேல்யூஸ் இன் ஆக்ஷன் என்ற பெயரில் அதை மாற்றியமைத்து, மாணவர் பொறுப்பேற்பதற்கும் சிந்திப்பதற்கும் கூடுதல் இடம் கொடுத்தனர். மலேசியப் பல்கலைக்கழகங்களில் 2019 முதல் இம்முறைக்கு சூலாம் என்று பெயர். மலாய் மொழியில் அச்சொல் பூத்தையலைக் குறிக்கும். துணி ஒருவருடையது, நூல் இன்னொருவருடையது, பூ இருவருக்கும் பொது. பெயர் வைத்தவர் ரசிகர்தாம்.

வக்பும் இந்தக் கல்வியும் சந்திக்கும்போதுதான் குடும்பங்களுக்குப் பலன் உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் சிலரை ஒரு ஜமாஅத் தெரிந்தெடுத்து, தன் பொறுப்பிலுள்ள ஒரேயொரு வக்பை அவர்களிடம் பாடமாகக் கொடுக்கலாம். மன்றத்தின் வசமுள்ள சொத்தானால் மன்றத்தின் அனுமதி முதலில் வேண்டும். பத்திரத்தைப் படிக்கட்டும்: வாக்கிஃப், அதாவது சொத்தை வைத்தவர், என்ன நிபந்தனை எழுதினார்? வாடகைப் பேரேட்டைக் கூட்டிப் பார்க்கட்டும். பக்கத்துத் தெருவில் அதே அளவுக் கடைக்கு என்ன வாடகை என்று விசாரிக்கட்டும். அறுபது வயது நிர்வாகி தயங்கிக் கேட்காத கேள்வியைப் பதினாறு வயதுப் பிள்ளை சர்வ சாதாரணமாகக் கேட்டுவிடும். கூரை ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்க்கும் வேலையும் கல்விதான். பழுது பார்க்கப் பணம் ஒதுக்காமல் வாடகை முழுவதையும் பகிர்ந்து கொடுத்தால் சில ஆண்டுகளில் பகிர எதுவும் இராது என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் காண்பார்கள். ஆகவேதான் வக்பு வருமானத்தில் முதற் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்பே என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். உதவி பெறும் வீடுகளுக்குப் பிள்ளைகளைக் கும்பலாக அழைத்துச் சென்று படம் எடுத்துக்கொள்வது கூடாது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாமென்று குர்ஆன் எச்சரிக்கிறது. விதவைத் தாய் ஒருத்தி தன் மகனின் வகுப்புத் தோழர்கள் முன் அரிசிப் பையை வாங்க நேர்ந்தால், அந்த மகன் மறுநாள் பள்ளிக்குப் போவானா? பெயர்ப் பட்டியல் பெரியவர்களிடமே இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தேவையானது எத்தனை குடும்பம், என்ன தேவை, எவ்வளவு தொகை என்ற விவரம் மட்டுமே. இதைவிடச் சிறந்த வழி, உதவி பெறும் வீட்டுப் பிள்ளையையும் பேரேடு எழுதும் கூட்டத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வது. அவன் வாங்குபவன் வீட்டு மகன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தையல் தெரிந்த அந்தத் தாய் மற்ற வீட்டுப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பாளானால், அவளும் சேவை செய்தவளே.

வேலை முடிந்ததும் பிள்ளைகள் தாம் கண்டதைத் தம் வீட்டில் தாய்தந்தையரிடம் சொல்ல வேண்டும். இதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும். பாட்டனார் காலத்தில் நம் குடும்பம் எதற்காவது காசு கொடுத்ததா, எந்தச் சங்கத்தில் இருந்தது என்ற பேச்சு அன்று சாப்பாட்டு வேளையில் கிளம்பும். பழைய ரசீதோ, சங்கத்து அட்டையோ பெட்டியிலிருந்து வெளிவரலாம். பெண் பிள்ளைகளை இதில் பின்தள்ளக் கூடாதென்பதற்கு ஹஃப்ஸா நாயகியின் வரலாற்றுக்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

சிங்கப்பூரில் ஆண்டிறுதி விடுமுறை நவம்பரில் ஆரம்பமாகிறது. மலேசியாவில் அவ்வாண்டு நாட்காட்டியைப் பார்த்து நாள் குறித்துக்கொள்ளலாம். முதல் நாளுக்கு வக்புப் பத்திரத்தின் நகல் ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில் போதும். பத்திரம் ஜாவி எழுத்தில் இருந்தால், அதை உரக்க வாசித்துப் பொருள் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரை முன்கூட்டியே அழைத்து வைத்துக்கொள்க.