கைதவறிய வித்தை

நுழையும்முன்

மூடிய கைக்குள் இருந்த நாணயம் மறைந்தால் அவை வியக்கிறது. மறைய வேண்டிய நாணயம் கைநழுவித் தரையில் உருண்டோடினால் அதே அவை சிரிக்கிறது. வியப்புக்கும் சிரிப்புக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு விரலசைவுதான். அந்தச் சிறு இடைவெளியைத் திரைப்படக் கலை தன் தொடக்க நாள்களிலேயே கண்டுகொண்டது. பழைய நகைச்சுவைப் படங்களில் வித்தை தவறும் காட்சிகள் மீண்டும் மீண்டும் இடம்பெற்றதன் காரணத்தை இப்பாடம் ஆராய்கிறது.

வீட்டு வித்தைக்காரர்

மாயவித்தை நெடுங்காலம் குருவிடமிருந்து சீடனுக்கு மட்டுமே கைமாறிய தொழில். செப்பு எனப்படும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் அடியில் உருண்டைகளைத் தோன்றவும் மறையவும் செய்யும் ஆட்டம் உலகின் பல நாடுகளில் உண்டு. தமிழில் செப்பிடுவித்தை என்னும் சொல்லே அவ்வாட்டத்தை நினைவூட்டுகிறது. அதன் நுட்பத்தை அறிந்தவர் அதை வெளியில் சொல்வதில்லை. சொன்னால் பிழைப்புப் போய்விடும்.

இந்நிலையை மாற்றியவர் வித்தைக்காரர் அல்லர், இலண்டனைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர். ஆஞ்செலோ லூயிஸ் என்னும் அவர், பேராசிரியர் ஹாஃப்மன் என்ற புனைபெயரில் 1876ஆம் ஆண்டு ‘மாடர்ன் மேஜிக்’ என்னும் நூலை வெளியிட்டார். சீட்டு, நாணயம், கைக்குட்டை, கடிகாரம் எனப் பொருள்வாரியாக ஒவ்வொரு வித்தையின் செய்முறையையும் அந்நூல் விளக்கியது. தொழில்முறை வித்தைக்காரர் சிலர் சினந்தனர். ஆனால், நூலைப் படித்துவிட்டு வரவேற்பறையில் வித்தை காட்டும் புதியதொரு கூட்டம் உருவாயிற்று. பகலில் அலுவலகம் செல்பவர், இரவில் தம் பிள்ளைகளின் காதுமடலிலிருந்து நாணயம் எடுக்கலானார்.

நகைச்சுவைக்கு இத்தகைய தந்தையைவிட ஏற்ற பாத்திரம் அரிது. குடும்பத்தில் எல்லாம் அறிந்தவராகக் கருதப்படுபவர் அவர். விருந்தினர் முன்னிலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுகிறார். ஒருவரிடம் விலைமிக்க கடிகாரத்தை இரவல் வாங்கிக் கைக்குட்டையில் பொதிந்து சுத்தியலால் அடிக்கிறார். நூலில் உள்ளபடி, அடிபடுவது முன்னரே மாற்றிவைக்கப்பட்ட போலிக் கடிகாரமாக இருக்க வேண்டும். மாற்ற மறந்தாரா, மாற்றியதை மீண்டும் மாற்றிவிட்டாரா என்பதைக் கைக்குட்டையை விரிக்கும்போதுதான் அவரே அறிகிறார். அந்நேரத்தில் மனைவியின் பார்வை, பிள்ளைகளின் ஆவல், கடிகாரத்துக்கு உரியவரின் முகம் ஆகிய மூன்றையும் அவர் ஒருசேர எதிர்கொள்ள வேண்டும். உடைந்தது கடிகாரம் மட்டுமன்று என்பது பார்வையாளருக்குப் புரிகிறது.

தந்தையும் மைந்தனும்

தந்தை ஒருவர் வித்தையில் தவறாமல் வென்றும் பழிக்கு ஆளானதுண்டு. ழான் ராபர்ட் ஊதேன் பிரான்சு நாட்டில் கடிகாரம் செய்யும் தொழிலைக் கற்றவர். 1845ஆம் ஆண்டு பாரிசு நகரில் தமக்கென ஓர் அரங்கை நிறுவி, நாகரிக மாலையுடையில் வித்தை காட்டினார். ஈதர் என்னும் மயக்கமருந்தைப் பற்றி ஐரோப்பா முழுதும் பேச்சாக இருந்த 1847ஆம் ஆண்டில், தம் இளைய மகனுக்கு ஈதர் கொடுத்து எடையற்றவனாக ஆக்குவதாக அறிவித்தார். சிறுவன் ஒரு கோலின்மேல் முழங்கையை மட்டும் ஊன்றியபடி காற்றில் கிடந்தான். மேடைக்குப் பின்னால் காய்ச்சிய இரும்பின்மேல் உண்மையான ஈதர் ஊற்றப்பட்டது. அதன் மணம் அரங்கெங்கும் பரவியது. சிறுவன் முகர்ந்த குப்பியிலோ ஒன்றுமில்லை.

வித்தை அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. பெற்ற மகனின் உடல்நலத்தைப் பொருளுக்காகப் பலியிடும் கொடியவர் என்று கண்டித்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றைத் தம் புகழுக்குச் சான்றாகவே கொண்டதாக அவர் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அக்கடிதங்களை எழுதியவர்கள் ஏமாந்தவர்களே. எனினும் அவர்களுடைய கவலை பொய்யன்று.

தெரியுமா?
எரிக் வைஸ் என்னும் இளைஞர் ஊதேனின் நினைவுக்குறிப்பைப் படித்து, அவர் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து ஊதினி எனத் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். விலங்குகளிலிருந்து விடுபடும் வித்தையால் உலகப் புகழ்பெற்ற ஹாரி ஊதினி அவரே.

மேடையிலிருந்து திரைக்கு

ஊதேனின் அரங்கை 1888இல் விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் மெலியே. காலணித் தொழிற்சாலை நடத்திய தந்தை அவரைத் தம் தொழிலில் ஈடுபடுத்த விரும்பினார். மகனோ தொழிலில் தமக்குரிய பங்கைச் சகோதரர்களிடம் விற்று வித்தை மேடையை வாங்கினார். 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் பாரிசில் காட்டிய அசையும் படங்களைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர். மறு ஆண்டே அவர் படமெடுக்கத் தொடங்கினார்.

1896இல் அவர் எடுத்த ‘மறையும் மங்கை’ ஏறத்தாழ 75 நொடிகளே ஓடும் குறும்படம். வித்தைக்காரர் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நாற்காலியை வைத்து, ஒரு பெண்ணை அமரச்செய்து துணியால் மூடுகிறார். துணியை விலக்கினால் பெண் இல்லை. அவளை மீட்க முயலும்போது முதலில் எலும்புக்கூடு ஒன்று வந்து அமர்கிறது. மீண்டும் துணி போர்த்தியபின்னரே அவள் உயிருடன் தோன்றுகிறாள்.

இவ்வித்தையை மேடையில் செய்தால் தரையில் ஒரு மறைகதவு தேவை. கதவு இல்லை என்று அவையை நம்பச்செய்யவே செய்தித்தாள் விரிக்கப்படும். மெலியே கதவைப் பயன்படுத்தவில்லை. படப்பிடிப்புக் கருவியை நிறுத்தினார். பெண் எழுந்து போனாள். கருவியை மீண்டும் இயக்கினார். ஒளித்துவைக்கக் கதவே இல்லாதபோதும் அவர் செய்தித்தாளை விரிக்கிறார். மேடைப்பழக்கம் கையைவிட்டு எளிதில் போவதில்லை போலும்.

இதனால் ஒரு சிக்கலும் பிறந்தது. கருவியை நிறுத்தினால் யாரும் மறையலாம் என்று அவை அறிந்துகொண்டபின், திரையில் வெல்லும் வித்தைக்கு மதிப்பேது? மெலியே 500க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். இருப்பினும் ரசனை மாறியது, கடன் மிகுந்தது. முதுமையில் அவர் மோன்பர்னாஸ் தொடர்வண்டி நிலையத்தில் பொம்மைக்கடை நடத்தி வாழ்ந்தார்.

மருட்கை நகையாகும் இடம்

வெல்லும் வித்தை திரையில் மதிப்பிழந்த காலத்தில் தவறும் வித்தை மதிப்புப் பெற்றது. வெட்டியும் ஒட்டியும் வெற்றியைக் காட்டிவிடலாம். தோற்பவரின் முகத்தை நடித்தே காட்ட வேண்டும்.

சார்லி சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’ 1928இல் வெளிவந்தது. காவலருக்கு அஞ்சி ஓடும் நாடோடி ஒருவன் சர்க்கஸ் வட்டத்துக்குள் புகுந்துவிட, கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. மறுநாள் முதலாளி அவனை அழைத்து, சிரிக்கவைக்கச் சொல்கிறார். அவனால் முடியவில்லை. வேண்டுமென்றே செய்யும் எதுவும் சிரிப்பை வரவழைக்கவில்லை. ஆகவே பொருள்களைத் தூக்கும் ஏவலாளாகச் சேர்கிறான். வித்தைக்காரரின் மேசையை வட்டத்துக்குள் கொண்டுவரும்போது, தொடக்கூடாத பொத்தானை அறியாமல் அழுத்திவிடுகிறான். வித்தைக்காரர் ஒவ்வொன்றாக வியப்பூட்டி எடுக்க வேண்டிய உயிரினங்கள் ஒரே சமயத்தில் வெளியே பாய்கின்றன. ஒன்றைத் திணித்தால் மற்றொன்று எட்டிப்பார்க்கிறது. கூட்டத்தின் சிரிப்புக்குத் தானே காரணம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

இப்படம் உருவான காலத்தில் சாப்ளினின் படப்பிடிப்புக்கூடம் தீக்கிரையானது. மணமுறிவு வழக்கால் பணி பல மாதங்கள் நின்றது. 1929இல் நடைபெற்ற முதல் ஆஸ்கர் விழாவில் அவருக்குச் சிறப்பு விருது கிடைத்தது இப்படத்துக்காகவே.

பேசும்படம் வந்த புதிதில், 1929ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனத்தின் ‘ஹாலிவுட் ரெவ்யூ’ படத்தில் லாரலும் ஹார்டியும் வித்தைக்காரர்களாகத் தோன்றினர். அவர்கள் ஆயத்தமாகும் முன்பே திரை விலகிவிடுகிறது. மறைக்க வேண்டியவை அனைத்தும் அவையின் கண்ணில் படுகின்றன. ஹார்டியின் பெரியமனிதத் தோரணை அப்போதும் குறையவில்லை. இறுதியில் அவர் பெரியதொரு கேக்கின்மேல் விழுகிறார். வரவேற்பறைத் தந்தையின் நெருங்கிய உறவினர் அவர்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வியப்பு மருட்கை எனப்படும். புதுமை அது தோன்றும் இடங்களுள் ஒன்று. சிரிப்பு நகை எனப்படும். அது பிறக்கும் இடங்களுள் பேதைமையும் மடனும் அடங்கும். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்கு, பிறர் கொளுத்தியதைக் கொண்டு விடாதிருத்தல் என உரையாசிரியர் பொருள் காண்பர். பொத்தானை அழுத்திய நாடோடியிடம் இருப்பது பேதைமை. கைக்குட்டைக்குள் உடைந்த கடிகாரம் இருந்தும், நூலில் எழுதியுள்ளபடி அடுத்த படிக்குச் செல்லும் தந்தையிடம் இருப்பது மடன். இரண்டாமதே நகையில் ஆழமானது எனலாம். அங்கே பெருமிதம் இளிவரலாக மாறிக்கொண்டிருப்பதும் உடன் தெரிகிறது.

தவறுவதில் தேர்ச்சி

வேல்சு நாட்டில் 1921இல் பிறந்த டாமி கூப்பருக்கு எட்டு வயதில் அத்தை ஒருவர் வித்தைப்பெட்டி பரிசளித்தார். படைவீரராக எகிப்தில் இருந்தபோது அணியத் தொடங்கிய சிவப்புக் குல்லாவே அவருடைய அடையாளமாயிற்று. மேடையில் அவர் செய்யும் வித்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறும்; அவர் குழம்புவார்; அவை குலுங்கும். எதிர்பாராத தருணத்தில் ஒரு வித்தை பிழையின்றி நிறைவேறும். அவர் உண்மையில் கைதேர்ந்த வித்தைக்காரர். இலண்டன் மாயவித்தைக்காரர் கழகத்தின் உறுப்பினர். சரியாகச் செய்யத் தெரிந்தவராலேயே இவ்வளவு நுட்பமாகத் தவறவும் முடியும்.

1984 ஏப்ரல் 15 அன்று இலண்டன் அரங்கொன்றில் நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின்போது அவர் மாரடைப்பால் மேடையிலேயே சரிந்தார். அதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று எண்ணிய அவையினர் சிரித்துக்கொண்டிருந்தனர். திரை மூடப்பட்ட பின்னரும் சிறிது நேரம் அச்சிரிப்பு ஓயவில்லை.

கற்பவை கற்றபின்

1. வீட்டில் பெரியவர் ஒருவர் செய்ய முனைந்து கைதவறிய செயலை, அவர் படித்தாலும் வருந்தாத வகையில் நகைச்சுவையுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ஊதேனுக்குக் கண்டனக் கடிதம் எழுதியவர்கள் செய்தது சரியா? இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் வாதிடுக.