பன்னீர் ரோஜாவில் உதட்டுக் களிம்பு

பனிக்காலம் வந்தால் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு உதடு வெடிக்கும். கடையில் விற்கும் களிம்புகள் பலவற்றில் பெட்ரோலிய மெழுகுதான் அடிப்படை. வேலியோரம் நாலு பன்னீர் ரோஜாச் செடியும், கொஞ்சம் தேன்மெழுகும் இருந்தால் வீட்டுக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ளலாம்.

ஆனால் ஒன்று: பூ நம் செடியில் பூத்ததாக இருக்கணும். சந்தைக்கு வரும் ரோஜா பெரும்பாலும் மருந்தடித்தது. பல பூச்சிக்கொல்லிகள் தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரையும். பூவை எண்ணெயில் ஊறவைத்தால் மணத்தோடு நஞ்சும் சேர்ந்தே இறங்கும். உதட்டில் பூசுவது வயிற்றுக்கும் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

பூவைக் காயவைத்தல்

பனி ஈரம் உலர்ந்தபின் காலையில் பறிக்கணும். இதழ்களை உதிர்த்து, நிழலில், துணிமேல் பரப்புங்கள். கையில் எடுத்தால் சருகு போல நொறுங்கணும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பூஞ்சணம் பிடித்து எண்ணெய் கெட்டுப்போகும். பாட்டிலும் கரண்டியும்கூட ஈரமில்லாமல் இருக்கட்டும்.

எண்ணெய் ஊறவைத்தல்

கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பாகம் இதழ் போட்டு, முழுதும் மூழ்கும்வரை செக்கு நல்லெண்ணெய் ஊற்றுங்கள். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. அதன் வாசம் பிடிக்காதவர்கள் தேங்காய் எண்ணெய் எடுக்கலாம். வெயில் நேராகப் படாத, வெதுவெதுப்பான இடத்தில் மூன்று வாரம் வைத்து, தினம் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். பிறகு காய்ந்த வெள்ளைத்துணியில் வடிகட்டணும்.

நிறம் சிவப்பாக வரலையே என்று கவலை வேண்டாம். ரோஜாவின் சிவப்பு தண்ணீரில் கரைவது, எண்ணெயில் இறங்காது. பீட்ரூட் சாறு சேர்த்தாலும் கலக்காது, களிம்புதான் கெடும்.

களிம்பு காய்ச்சுதல்

வடித்த எண்ணெய் 75 கிராம், தேன்மெழுகு 25 கிராம். தேன் எடுத்தபின் மிஞ்சும் அடையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவைத்தால், மெழுகு மேலே மிதந்து கட்டியாகும். அதை ஈரம் போக நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள்.

வாயகன்ற சட்டியில் தண்ணீர் சூடாக்கி, அதற்குள் சிறு பாத்திரம் வைத்து மெழுகை உருக்குங்கள். நேரடித் தீயில் வைக்கக் கூடாது. மெழுகு ஏறக்குறைய 63 டிகிரியில் உருகும். உருகியதும் எண்ணெயை ஊற்றிக் கலக்கி இறக்கிவிடலாம்.

ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவிட்டுப் பாருங்கள். ரொம்ப இளகினால் மெழுகும், கட்டியாக இருந்தால் எண்ணெயும் கொஞ்சம் சேர்த்து உருக்கலாம். பதம் சரியானால் சூடாகவே சிறு டப்பாக்களில் ஊற்றுங்கள். 5 கிராம் டப்பா 20 வரை வரும்.

முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம் தடவி, ஒருநாள் அரிப்பு இல்லையென்றால் உதட்டுக்குப் போடுங்கள். வாடை மாறினால் தூக்கிப் போட்டுவிடணும்.

விற்க நினைக்கிறவர்களுக்கு

அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-இன்படி, விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். விற்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். அதுவரை வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் செய்து பழகலாம். இந்தப் பனிக்காலத்துக்கு வேண்டுமென்றால் பூவை இப்போதே காயவைக்கத் தொடங்கணும்.