தென்னையைக் காக்கும் இனக்கவர்ச்சிப் பொறி

தென்னங்கன்றை நடுவது நீண்டகால முதலீடு. நெட்டை இரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து முளைமுனையை அழித்துவிட்டால், கன்று பட்டுப்போகும். அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகும். வளர்ந்த மரத்தில், விரிந்த ஓலைகள் கத்தரியால் வெட்டியது போல் முக்கோண வடிவில் காணப்படுவதே இவ்வண்டு தாக்கியதன் அடையாளம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதன்மைப் பயிர் தென்னை. நிக்கோபாரி மக்களுக்கு அதுவே உணவும் வருவாயும். கார் நிக்கோபார், நான்கௌரி தீவுக்கூட்டம் ஆகியவற்றில் 14,491 எக்டர் நிலம் 2021ஆம் ஆண்டில் இயற்கை வேளாண் பகுதியாகச் சான்றளிக்கப்பட்டது. இரசாயன மருந்துக்கு இடமில்லாத அத்தகைய தோப்புகளில் வண்டைக் கட்டுப்படுத்த உதவுவது இனக்கவர்ச்சிப் பொறி.

பூச்சிகள் வாசனையால் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. ஜெர்மானிய அறிவியலறிஞர் பூட்டனாண்ட், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து அத்தகைய பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன் வேதியியல் அமைப்பை 1959இல் வெளியிட்டார். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலும் பெண்ணே வாசனையை வெளியிடும். ஆண் மட்டுமே தேடிவரும். பழத்தோட்டங்களில் வைக்கப்படும் அந்துப்பூச்சிப் பொறிகள் இவ்வகையின. காண்டாமிருக வண்டில் நிலைமை வேறு: ஆண் வண்டு வெளியிடும் வாசனைக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்தே வரும். ஆகவே முட்டையிட வேண்டிய பெண் வண்டுகளும் பொறியில் சிக்குகின்றன. இதுவே இம்முறையின் பெரும் பயன்.

பொறி எளியது. ஒரு வாளி, அதன் மேல் குறுக்காகப் பொருத்திய தகடுகள், நடுவே செயற்கை வாசனைப் பொருள் அடங்கிய சிறு பொட்டலம்; அவ்வளவே. பறந்துவரும் வண்டு தகட்டில் மோதி வாளிக்குள் விழும், மேலெழ இயலாது. தீவுகளின் கனமழைக்கு வாளியின் அடியில் வடிதுளைகள் இன்றியமையாதவை. எக்டருக்கு ஒரு பொறி போதுமானது. வாரந்தோறும் வண்டுகளை அகற்றி அழித்தல் வேண்டும். பொட்டலத்தை அதன் உறையில் குறித்துள்ள காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொறி வண்டைப் பிடிப்பதோடு, அதை அழைக்கவும் செய்கிறது. வரும் வண்டுகள் அனைத்தும் வாளியில் விழுவதில்லை. இளங்கன்றுகளின் அருகே பொறியை வைத்தால் தப்பிய வண்டு அக்கன்றுகளையே தாக்கும். எனவே தோப்பின் ஓரத்தில், கன்றுகளுக்கு எட்டத்தில் வைத்தலே முறை. ஒருவர் மட்டும் வைத்தால் அண்டைத் தோப்பின் வண்டுகளும் அவர் தோப்பை நோக்கி வரும். ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் வைத்தால் சுமையும் பயனும் பகிரப்படும்.

வண்டின் பிறப்பிடத்தையும் மறந்துவிடலாகாது. எருக்குழியிலும், மட்கும் தென்னந்தண்டிலும் அது முட்டையிடுகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை போன்ற பேரிடரில் சாயும் மரங்களை அப்புறப்படுத்தாமல் விட்டால், அவை மட்கும்போது வண்டின் தொட்டிலாகிவிடும். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதும், மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை எருவில் கலப்பதும் பொறிக்குத் துணையாகும்.

பொறி வாங்குமுன் தீவு விவசாயிகள் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தையோ வேளாண்துறை அலுவலரையோ கலந்தாலோசிப்பது நன்று. முதற்பொறியை மாட்டுமுன் அண்டைத் தோப்புக்காரரையும் உடனழைத்துக்கொள்ளுங்கள். தனி ஒருவரின் வேலியால் பறக்கும் வண்டைத் தடுக்க இயலாது.