அடியில் விழும் விரிசல்

கேள்வி: எங்கள் பகுதிப் பொதுக்கூடத்தில் மட்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். நான் வனையும் கிண்ணங்கள் காயும்போதே அடியில் விரிசல் விடுகின்றன. மண் சரியில்லையா?
– வாசகி, கோவை

பதில்: மண்மேல் பழி போடாதீர்கள். சக்கரத்தில் சுவரை இழுத்து உயர்த்தும்போது அங்கே மண் இறுகிவிடுகிறது. அடிப்பகுதியோ இளக்கமாகவே நின்றுவிடும். அதில் நீரும் தேங்கினால் ‘எஸ்’ வடிவ விரிசல் வரத்தான் செய்யும். குழியைத் திறந்ததும் அடியை நடுவிலிருந்து வெளியே, மறுபடி உள்ளே என்று விரலால் அழுத்தித் தேயுங்கள். வனைந்து முடித்ததும் நீரைப் பஞ்சால் ஒற்றியெடுங்கள். அடி தடிமனாக இருந்தால் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கும். எனவே பிளாஸ்டிக் தாளால் தளர மூடி, விளிம்பு தாங்குமளவு இறுகியதும் கவிழ்த்து வையுங்கள். விரிசலை மண்குழைவு பூசி மறைத்தால் சூளையில் மறுபடி பிளக்கும். மனம் தளராமல் அந்தக் கிண்ணத்தை ஊறப்போட்டுப் பிசையுங்கள். சுடாத மண்ணை எத்தனை முறையும் வனையலாம்.