ஒன்றே முக்கால் மணி என்பது 1.45 அல்ல

ஆறாம் வகுப்பில் அளவைகள் பாடம். 1 மணி 45 நிமிடத்துடன் 50 நிமிடத்தைக் கூட்டச் சொன்னேன். பாதிப் பேர் 1.95 என்று எழுதியிருந்தார்கள். பத்துப் பத்தாகவே எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு அறுபது திடீரென்று எங்கிருந்து வரும்? ஆண்டுதோறும் இதைத் திருத்துகிறேன். அடுத்த ஆண்டு புதிய பிள்ளைகள் அதே 1.95-உடன் வருகிறார்கள்.

இந்த முறை வழி காட்டியது ஒரு மாணவியின் கேள்வி. "பைலட் ஆக 200 மணி நேரம் ஓட்டணுமாமே சார், அதை யாரு எண்ணுவாங்க?" விமானியாக வேண்டும் என்பது அவள் ஆசை. ஒட்டன்சத்திரத்தில் விமானம் என்றால் பழனி மலைக்கு மேலே போகும் வெள்ளைக் கோடுதான். எனக்கும் விடை தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்து விதிகளைப் படித்தபோது, என் பாடம் முழுவதும் அதற்குள் இருப்பது தெரிந்தது.

விமானி தன் பறப்பு நேரத்தைத் தானே ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 67அ பிரிவு இதைச் சொல்கிறது. எது பறப்பு நேரம் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே வரையறைதான். மேலெழும் நோக்கத்துடன் விமானம் முதன்முதலாக நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, பயணம் முடிந்து இறுதியாக நிற்கும் கணம் வரை. இதைப் படித்ததும் மறுநாளுக்கான கணக்கு கிடைத்துவிட்டது.

கரும்பலகையில் எழுதினேன். இயந்திரம் இயங்கியது 8:45. விமானம் நகர்ந்தது 8:52. தரையை விட்டு எழுந்தது 9:04. தரை இறங்கியது 10:20. நிறுத்தத்தில் வந்து நின்றது 10:31. விமானி எவ்வளவு எழுதுவார்?

வானத்தில் இருந்ததுதான் பறப்பு என்று பலர் 1 மணி 16 நிமிடம் என்றார்கள். இயந்திரம் இயங்கியதிலிருந்து எண்ணியவர்கள் 1 மணி 46 நிமிடம் என்றார்கள். சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுபவரின் மகன் எழுந்து, "லோடு ஏத்துற நேரம் ஓட்டுன நேரத்துல சேராது சார், வண்டி நகரணும்" என்றான். வரையறையை அவன் வீட்டிலேயே கற்றிருக்கிறான். 8:52 முதல் 10:31 வரை. சிலர் 10.31-இலிருந்து 8.52-ஐக் கழித்து 1.79 என்று காட்டினார்கள். "79 நிமிடம்னா ஒரு மணிக்கு மேல ஆச்சே" என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது. நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. விடை 1 மணி 39 நிமிடம். ஹெலிகாப்டருக்கு மட்டும் மேலே உள்ள இறக்கை சுழலத் தொடங்குவதிலிருந்து அது நிற்பது வரை என்று சொன்னபோது வகுப்பு கொஞ்சம் குழம்பியது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சில நாடுகளில் நேரத்தைத் தசமத்தில் எழுதுகிறார்கள். அங்கே 0.1 என்பது 6 நிமிடம். ஆகவே ஒன்றே முக்கால் மணி 1.75 ஆகும், 1.45 ஆகாது. தசமம் நடத்தும்போது இதையும் சேர்த்து நடத்திப் பாருங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த 200 மணிதான். வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி. அதில் 100 மணி தானே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். தொலைதூரப் பறப்பு 20 மணி, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி, இரவில் 5 மணி. பிள்ளைகள் உடனே எல்லாவற்றையும் கூட்டி 335 என்றார்கள். பொறுப்பு விமானியாக ஓட்டிய அந்த 100-க்குள்தான் 20 மணித் தொலைதூரப் பறப்பும் அடங்கும். எல்லாமே மொத்தம் 200-க்குள் வரும். ஒரே மணி நேரம் இரண்டு மூன்று கட்டங்களில் இடம்பெறும், மொத்தத்தில் ஒரு முறைதான் எண்ணப்படும். வட்டத்துக்குள் வட்டம் வரைந்து காட்டினேன். மேல் வகுப்பில் கணங்கள் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் அவரே பொறுப்பு விமானி. மாணவர் அந்த நேரத்தைப் பயிற்சி நேரம் என்றுதான் எழுதலாம், பயிற்சியாளர் அதற்குச் சான்றொப்பம் இட வேண்டும். பயணியாகப் போன நேரத்தை எழுதவே கூடாது. "சும்மா பார்த்துக்கிட்டே போனாலும் கத்துக்கலாம்ல சார்?" என்றாள் அந்த மாணவி. கற்கலாம், எழுதக் கூடாது என்றேன். முகம் வாடிவிட்டது.

பொய்யாக எழுதினால் யாருக்குத் தெரியும் என்று ஒருவன் கேட்டான். மறைக்காமல் சொன்னேன். 2011-இல், போலிச் சான்றுகள் கொடுத்தும் பறக்காத மணிகளைப் பறந்ததாகக் காட்டியும் உரிமம் பெற்றதாகச் சில விமானிகள் கைது செய்யப்பட்டார்கள். நாட்டின் பயிற்சிப் பள்ளிகளின் பதிவேடுகள் அதன்பின் தணிக்கைக்கு வந்தன. கூட்டி எழுதுவது மட்டும் தவறல்ல, குறைத்து எழுதுவதும் தவறு. 365 நாளில் 1000 மணிக்கு மேல் ஒரு விமானி பறக்கக் கூடாது என்ற வரம்பு களைப்பைத் தடுப்பதற்காக இருக்கிறது. அந்தக் கணக்கும் பதிவை நம்பித்தான் நடக்கிறது.

ஒரு வாரம் ஒவ்வொருவரும் பள்ளிக்கு வரும் நேரத்தைப் பதிவேடாக எழுதி வரச் சொன்னேன். சைக்கிளோ நடையோ, முதலில் நகர்ந்த நேரம், இறுதியாக நின்ற நேரம், கழித்து வந்த விடை. வெள்ளிக்கிழமை நோட்டுகளை மாற்றித் திருத்தினார்கள். ஒரு நோட்டில் ஐந்து நாளும் 20, 20, 20, 20, 20. கையில் வைத்திருந்த சிறுமி, "இது ஒரே நாள்ல எழுதினது சார், மையைப் பாருங்க" என்றாள். மற்றவர்களின் நோட்டில் 17, 22, 19, ரயில்வே கேட் மூடியிருந்த நாளில் 31 என்றெல்லாம் இருந்தன.

நோட்டுக்காரனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மேசையில் என் பாடவேலைப் பதிவேடு இருந்தது. அதிலும் ஐந்து நாள் கட்டங்கள் ஒரே மையில், ஒரே கையோட்டத்தில் நிரம்பியிருந்தன. திங்கட்கிழமை திரும்ப எழுதி வா என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

அவன் எழுதி வந்தான். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் "செயின் கழண்டது, 44 நிமிடம்" என்று இருந்தது. அந்த வாரம் என் பதிவேட்டில் புதன்கிழமைக்கு எதிரே, "கூட்டத்துக்குச் சென்றேன், பாடம் நடக்கவில்லை" என்று எழுதிக் கையொப்பம் இட்டேன்.