கொட்டில் கட்டும் முன் பயிற்சி

வெண்பன்றி வளர்ப்பைத் தொழிலாக எடுக்க நினைப்பவர் முதலில் பயிற்சிக்குப் போய்வருவது நல்லது. சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் பன்றிப் பண்ணையும் உள்ளன. அசாமில் குவாஹாட்டி அருகே ராணியில் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

வகுப்பில் எடுக்கும் குறிப்பு மட்டும் போதாது. குட்டி ஈனும் நேரத்தில் உடன் நின்று பழக வாய்ப்பு உண்டா என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும். சினைக்காலம் சுமார் 114 நாள். ஈன்றதும் குட்டியின் மூக்கு, வாயிலுள்ள கோழையைத் துடைத்து, தொப்புள்கொடியைக் கட்டி வெட்டி, அயோடின் தடவி, தாமதமில்லாமல் சீம்பால் குடிக்க விட வேண்டும். முன்பக்கக் காம்புகளில்தான் பால் அதிகம். நோஞ்சான் குட்டியை அங்கே பிடித்து ஊட்டத் தெரிந்த கை பல உயிர்களைக் காக்கும். தாய் படுக்கும்போது நசுக்கிவிடாதபடி ஓரத்தில் கம்பித் தடுப்பும், கதகதப்புக்கு ஒரு பல்பும் அவசியம்.

தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாது. முதல் வாரத்திலேயே குட்டிக்கு இரும்புச்சத்து ஊசி போட்டாக வேண்டும்.

2020இல் அசாமில் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைக் குணப்படுத்த மருந்தில்லை. அது பண்ணைக்குள் வராமலிருக்க, ஓட்டல் மிச்சத்தை நன்கு கொதிக்கவைக்காமல் தீவனமாகப் போடவே கூடாது. புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியே கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். வெளியாட்களையும் அவர்கள் செருப்பையும் வாசலோடு நிறுத்துவது நல்லது.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டால் வங்கிக் கடன் கேட்கும்போது கைகொடுக்கும்.