பெரிய டயருக்கு எந்தக் கியர்?

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து மேற்கே 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதை வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலான உயரம். விடுமுறை நாள் காலைகளில் அந்த ஏற்றத்தின் வலது ஓரத்தில் 35 அங்குல, 37 அங்குல டயர் மாட்டிய ஜீப் ராங்லர்கள் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் கத்தும், வேகம் மட்டும் ஏறாது. உயரம் ஒரு காரணம்தான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத வலுவை இழக்கும். ஆனால் அதே எஞ்சின், அதே டயரோடு இன்னொரு ராங்லர் இடது பக்கமாகச் சிரமமில்லாமல் தாண்டிப் போவதையும் அங்கேயே பார்க்கலாம். அந்த வண்டியின் ஆக்ஸிலுக்குள் வேறு பற்சக்கரங்கள் இருக்கும்.

நம் ஊர் லாரிப் பட்டறைகளில் ‘கிரவுன் பினியன்’ என்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டின் நுனியில் இருக்கும் சிறிய பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வட்டம் கிரவுன். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் விகிதம் 3.73. பினியனில் 10 பல் என்றால் 4.10, 9 என்றால் 4.56, 8 என்றால் 5.13. இந்த எண்கள் ஏன் இப்படி வரிசையில்லாமல் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை: பல்லைப் பாதியாக வெட்ட முடியாது. 41 பகா எண் என்பதால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் ஒரே இடத்தில் குவியாது.

டயர் பெரிதானால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். கேட்க லாபம்போல இருக்கும். உண்மையில், ஆக்ஸிலைத் தொடாமலே கியரை மாற்றிவிட்டோம். 32 அங்குல டயரும் 3.21 விகிதமுமாக விற்கப்பட்ட ஒரு ராங்லரில் ‘35’ டயரை (உண்மையான உயரம் 34.4 அங்குலம்) மாட்டினால், அது பழைய டயரில் 2.99 விகிதத்துக்குச் சமமாகிவிடும். முக்கால் டன் சுமையை முதல் கியரில் இழுக்க வேண்டிய வண்டி இரண்டாவது கியரில் புறப்படுவதுபோன்ற திணறல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆக்ஸில் விகிதத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய நினைப்பவர்களைத் தடுக்கும் நம்பிக்கைகளில் முதன்மையானதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம்பிக்கை: எண் கூடினால் எஞ்சின் அதிகம் சுற்றும், பெட்ரோல் கரையும்.

தாளில் போட்டுப் பார்த்தால் சரிபோலத் தெரியும். அதே தாளில் இன்னும் இரண்டு வரி போட்டால் உடைந்துவிடும். கணக்கு எளிது: மணிக்கு எத்தனை மைல் வேகமோ அதை 336ஆல் பெருக்குங்கள். ஆக்ஸில் விகிதத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கியரின் விகிதத்தாலும் பெருக்கி, டயரின் உயரத்தை அங்குலத்தில் எடுத்து வகுங்கள். நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று என்று வந்துவிடும்.

ராங்லர் ரூபிகானின் 8 கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். 8ஆம் கியர் 0.67, 7ஆம் கியர் 0.84. நிறுவனம் கொடுத்த 32.7 அங்குல டயர், 4.10 ஆக்ஸிலோடு 70 மைல் வேகத்தில் எஞ்சின் 1,976 சுற்று. ‘35’ டயரை மாட்டி ஆக்ஸிலை அப்படியே விட்டால் 1,878. குறைந்திருக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வண்டியின் 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை வருவது 4,800 சுற்றில். கனமான டயரையும் உயர்த்திய வண்டியின் காற்றுத்தடையையும் 1,878 சுற்றில் அது தாங்காது. சிறு மேடு வந்தாலும் எதிர்க்காற்று அடித்தாலும் கியர்பாக்ஸ் தானே 7ஆம் கியருக்கு இறங்கிவிடும். அங்கே சுற்று 2,355. இப்போது ஆக்ஸிலை 4.56 ஆக்கினால்? 8ஆம் கியரிலேயே 2,089 சுற்றில் வண்டி நிற்காமல் இழுக்கும். எந்த எண்ணைப் பார்த்துப் பெட்ரோல் கரையும் என்று பயந்தோமோ, அந்த எண்தான் மலைச்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவைக்கிறது. சுரங்கத்தைத் தாண்டி இறங்கும்போதும் அதே எண் எஞ்சின் பிரேக்காக நின்று உதவும்.

பெட்ரோல் செலவு கூடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. கூடும். அதற்குக் காரணம் டயரின் எடை, அகலம், வண்டியின் உயரம். கியரை மாற்றாமல் வைத்திருப்பதால் அந்தச் செலவு மிச்சமாகிவிடாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டயரை மாற்றியபின் ஓடோமீட்டர் பொய் சொல்கிறது. ‘37’ டயர்கள் நடைமுறையில் 36.8 அங்குலம் அளவில் இருக்கும். மீட்டர் 100 மைல் காட்டும்போது வண்டி 112 மைலுக்கு மேல் ஓடியிருக்கும். காலனுக்கு 16 மைல்தான் தருகிறது என்று நொந்துகொள்பவரின் வண்டி உண்மையில் 18 மைல் கொடுத்துக்கொண்டிருக்கலாம். மீட்டரைத் திருத்தாமல் போட்ட எந்த மைலேஜ் கணக்கையும், அது யார் சொன்னதாக இருந்தாலும், நம்பாதீர்கள். மீட்டரில் 65 என்றால் சாலையில் 73. இதில் அபராதச் சீட்டும் அடங்கியிருக்கிறது.

நம்பிக்கை: ஆக்ஸில் கியரை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தானே சரியாகிவிடும்.

வேகத்தைக் கியர்பாக்ஸின் வெளித்தண்டிலிருந்து எடுத்த பழைய வண்டிகளில், டயர் எவ்வளவு கூடியதோ அதே அளவு விகிதத்தையும் கூட்டினால் மீட்டர் சரியாகும். வேகத்தைச் சக்கரத்திலேயே அளக்கும் வண்டிகளில் ஆகாது. அவற்றில் புதிய டயர் அளவையும் புதிய விகிதத்தையும் கம்ப்யூட்டருக்குள் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கியர் மாறும் நேரமும் பிசகும்.

நம்பிக்கை: டயர் எத்தனை சதவீதம் பெரிதோ, விகிதத்தையும் அத்தனை சதவீதம் கூட்டினால் போதும்.

இது பாதி உண்மை. பழைய விகிதத்தைப் புதிய டயர் உயரத்தால் பெருக்கிப் பழைய உயரத்தால் வகுப்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. அந்தக் கணக்குக்கு எடை தெரியாது. பெரிய டயரின் கனம் சக்கரத்தின் வெளிவிளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுழற்றத் தொடங்கவும் நிறுத்தவும் ஆகும் உழைப்பு சதவீதத்துக்குள் அடங்காது.

இதற்கு என் கருத்தைவிட நல்ல சாட்சி தயாரிப்பாளர்களே. ஜீப் நிறுவனம் தன் எக்ஸ்ட்ரீம் ரீகான் தொகுப்பில் 35 அங்குல டயரை ஆலையிலேயே மாட்டிக் கொடுத்தது. வெறும் விகிதக் கணக்கின்படி 4.10 ஆக்ஸில் 4.31 ஆகியிருந்தால் போதும். அவர்கள் வைத்தது 4.56. ஃபோர்டு நிறுவனமும் பிரான்கோவின் சாஸ்க்வாட்ச் தொகுப்பில் 35 டயருக்கு 4.7 வைத்தது. எரிபொருள் செலவுக்காகவும் புகை அளவுக்காகவும் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பார்க்கும் நிறுவனங்கள், தேவையில்லாமல் கியரைக் கூட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே கணக்கு இரண்டு விகிதங்களுக்கு நடுவே வந்து நின்றால், மலை ஏறுபவரும் சுமை இழுப்பவரும் பெரிய எண்ணையே எடுக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு. சமவெளியில் வேலைக்குப் போய்வருபவர் சிறியதோடு நின்றுகொள்ளலாம்.

கணக்குப் போடும்போது கடையில் டயருக்குச் சொல்லும் எண்ணை வைத்துப் போடாதீர்கள். ‘35’ என்று கடையில் விற்கும் 315/70 ஆர்17 டயரின் உயரம், அளவை விரித்துப் பார்த்தால் 34.4 அங்குலம்தான்.

நம்பிக்கை: எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. விகிதம் கூடக்கூடப் பினியனின் பற்கள் குறைகின்றன, பினியனும் சிறுக்கிறது. ஒரே நேரத்தில் கவ்விப் பிடிக்கும் பல்பரப்பும் குறையும். பெரிய ஆக்ஸிலில் 5.13 கவலையில்லாமல் ஓடும். ராங்லரின் சாதாரண வகைகளில் முன்னால் வரும் டானா 30 போன்ற சிறிய ஆக்ஸிலில் அதே 5.13ஐப் போட்டு, 37 டயரையும் மாட்டிப் பாறையில் ஏறினால், எது முதலில் உடையும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே கேள்வியே மாறிவிடுகிறது: அந்த ஆக்ஸில் அந்த டயரைத் தாங்குமா என்பதை முதலில் கேளுங்கள்.

நம்பிக்கை: நண்பருக்கு ஒத்துவந்த விகிதம் எனக்கும் ஒத்துவரும்.

ஒரே ரூபிகான், ஒரே டயர். பெட்ரோல் எஞ்சினுக்கு ஜீப் கொடுத்தது 4.10; 3 லிட்டர் டீசல் எஞ்சினுக்குக் கொடுத்தது 3.73. அந்த டீசல் 1,400 சுற்றிலேயே 442 பவுண்டு-அடி முறுக்குவிசையைக் கொட்டும். அதைப் பெட்ரோல்போலச் சுற்றவைப்பது வீண். கியர்பாக்ஸும் அப்படித்தான். முந்தைய தலைமுறை ராங்லரில் 2012 முதல் வந்த 5 கியர் ஆட்டோமேட்டிக்கில் உச்ச கியர் 0.83, புதிய 8 கியரில் 0.67. ஒன்றில் இதமாக ஓடும் 4.88 மற்றொன்றில் முற்றிலும் வேறு சுற்றில் ஓடும். டயர் அளவை மட்டும் வைத்து விகிதம் சொல்லும் அட்டவணைகள் இதனால்தான் ஏமாற்றுகின்றன. உங்கள் உச்ச கியர், உங்கள் டயர், நீங்கள் அதிகம் ஓட்டும் வேகம் ஆகிய மூன்றையும் அந்த 336 கணக்கில் போட்டுப் பாருங்கள்.

எட்டு கியர் இருக்கிறது, அதனால் மாற்றவே வேண்டாம் என்பவர்களுக்கும் இங்கேயே பதில். 4.10 ஆக்ஸில், ‘35’ டயர், சமவெளி என்றால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். 37க்குப் போனாலோ, பின்னால் டிரெய்லர் மாட்டினாலோ அது சரியில்லை. ‘லோ’ கியரைப் போட்டால் ஆகாதா என்ற கேள்விக்கு, ஆகும்; பாறையில் மட்டும். ரூபிகானின் 4:1 லோ பாறைக்காகவே செய்யப்பட்டது. அதை நெடுஞ்சாலையில் போட முடியாது.

பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றினால் செலவு பாதி என்ற யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். முன்னும் பின்னும் விகிதம் வேறானால், நான்கு சக்கர இழுவையைப் போட்ட கணத்தில் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். தார்ச்சாலையில் இரண்டு ஆக்ஸிலுக்கும் வலுவைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸோ, தண்டின் மூட்டோ உடையும். இன்னொன்று: பிரேக். பெரிய டயர் பிரேக்கின் பிடியையும் குறைக்கிறது. அதை எந்தக் கியரும் ஈடுசெய்யாது.

நம்பிக்கை: கியரை எந்தப் பட்டறையும் மாட்டிவிடும்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். என் வண்டியில் விகிதம் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். வேலை முடிந்து வந்த வண்டி, 50 மைல் வேகத்தில் காலை எடுத்ததும் ஊளையிட்டது. புதுக் கியர் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று பட்டறையில் சொன்னார்கள். பழகவில்லை. வேறொருவர் திறந்து பார்த்தபோது பினியனின் ஆழம் தவறாக வைக்கப்பட்டிருந்தது. பற்கள் ஓரத்தில் தேய்ந்திருந்தன. புது ஜோடி வாங்க வேண்டியதாயிற்று. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விடும் இடைவெளி பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு. பற்களில் மஞ்சள் சாயம் பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தடத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

வேலை முடிந்த நாளில் 15, 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுவதும் ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 500 மைலுக்குச் சுமை எதையும் இழுக்காதீர்கள். அதன்பின் இரண்டு ஆக்ஸிலிலும் எண்ணெயை மாற்றுங்கள்.